படுத்திருந்த சோலையப்பனுக்குத் தேன்குடம்

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் ஆசை. என்ன செய்ய, இந்தக் கதையில் ஏழு காடு. ஏழுக்கும் கரண்டுக் கம்பி ஒன்று.

கடைசிக் காட்டில் பேச்சி என்ற எருமை சக்கரம் சுற்றிக் கரண்டு எடுத்தாள். கொசுக்கடியில் அவள் கன்று தூங்காது. ஃபேன் ஓடியே ஆகணும். அவள் பாடெல்லாம் அந்த ஃபேனுக்காகத்தான்.

கரண்டுச் சந்தையை நடத்தியது ஆந்தை. குறைந்த கூலி கேட்டவரை முதலில் கூப்பிடும்; ஏழு காட்டுக்கும் கரண்டு பத்தும்வரை கூப்பிட்டுக்கொண்டே போகும். கடைசியாக வந்தவர் கேட்டதுதான் எல்லாருக்கும் கூலி. விளக்குப் போடுகிறவர்களுக்கும் அதுதான் விலை. ஆச்சா?

பேச்சி கேட்டது ஒரு கட்டுப் புல். நாலு காடு தள்ளியிருந்த கரடி சோலையப்பன் கேட்டது ஒரு குடம் தேன். அந்தியானால் கரண்டு பத்தாது. சோலையப்பன் சோம்பல் முறித்து எழுந்து ரெண்டு சுற்றுச் சுற்றுவான். உடனே விலை தேன்குடம். பேச்சிக்கும் ஒரு குடம் வரும், வந்த குடம் ஃபேனுக்கே போகும். கம்பிக்கு வாடகையாகக் கொடுக்க வேண்டிய தவிடு மட்டும் பாக்கி நிற்கும்.

"தவிடு வரலைன்னா ஃபேனைக் கழட்டிருவேன், சொல்லிட்டேன்" என்றது லைன்மேன் குரங்கு.

ரெண்டு பங்கு சுற்றினால் ரெண்டு குடம் வருமே என்று பேச்சி நுரை தள்ளச் சுற்றினாள். கரண்டு வழிந்தது. சோலையப்பனைக் கூப்பிடவே இல்லை. விலை புல்லுக்கு இறங்கியது! வந்த ரெண்டு கட்டுப் புல்லில் ஒன்று ஃபேனுக்கு, இன்னொன்று தவிட்டுப் பாக்கிக்கு. கன்று நிம்மதியாகத் தூங்கியது. பேச்சிக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

மறுநாள் சோலையப்பன் ஆந்தையிடம் வந்தான். "இப்படியே போனா நான் வேற காடு பார்த்துக்கறேன். கோடையில கரண்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

ஆந்தை ஆடிப்போனது. இனி, எழுந்திருக்கத் தயாராகப் படுத்திருப்பதற்கே அவனுக்கு ஒரு குடம் தேன். அந்தத் தேனை விளக்கு, ஃபேன் போடுகிற எல்லாரும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்க வேண்டும்.

புல் கூலிக்காரி தேனுக்கு எங்கே போவாள்?

"ஆந்தையாரே, நானும் தயாராப் படுத்துக்கறேனே!"

"படுத்த அனுபவம் இருக்கா?"

பேச்சிக்கு இல்லை. குரங்கு ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனது.

அன்று அந்தியில் பேச்சி சக்கரத்துக்குப் போகவில்லை. கன்றின் பக்கத்தில் நின்று வாலால் விசிறினாள். கரண்டு பத்தவில்லை. சோலையப்பனைக் கூப்பிட்டார்கள். படுத்திருந்ததற்கு ஒரு குடம், எழுந்ததற்கு ஒரு குடம்.

நீதி: சுற்றுகிறவள் வீட்டில் ஃபேன் நிற்கும், சுற்றத் தயாராகப் படுத்திருப்பவன் குகையில் ஏசி ஓடும். ஆகவே பிள்ளைகளே, சின்ன வயதிலேயே படுத்துப் பழகுங்கள்.