மகரந்த நல்லுறவுக் குழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த இரண்டாவது பெரிய சம்பவம், அந்த வீட்டு மாப்பிள்ளை ஒரு வேளாண் பயிற்சி முகாமில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்ததுதான். சாப்பாட்டு இடைவேளையும் அதில் அடக்கம்.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே அறிவித்தார்.

"மாமா, உங்க மரத்துக்கெல்லாம் துணைச்செடி வேணும். அதோட பூவைத் தேடித் தேனீ வரும்."

மாமனாரின் ஆப்பிள் மரங்கள் இரண்டு வருடமாகப் பூத்துத் தள்ளின. காய்க்கத்தான் இல்லை. தேனீக்களின் வரத்து குறைந்துவிட்டது. இந்த வருடமும் இப்படியே போனால் மரங்களை வெட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த மரங்களில் ஏறி வளர்ந்த மகள், அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

மர வரிசைகளின் நடுவே கடுகு, கொத்தமல்லி, சூரியகாந்தி விதைத்தார்கள். மாமனாரும் மகளும் கொத்தினார்கள். மாப்பிள்ளை விரல் நீட்டினார். சாப்பாட்டு மேஜையில் 'மகரந்த நல்லுறவுக் குழு' உதயமானது. தலைவர் மாப்பிள்ளை. துணைத் தலைவர் பதவியையும் பெருந்தன்மையோடு அவரே ஏற்றார். மகள் செயலாளர். மாமியார் காபி.

முதல் தீர்மானம்: தேனீயை இனி யாரும் பூச்சி என்று சொல்லக்கூடாது, 'விருந்தினர்' என்றே சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒன்றாகப் பூத்தன. மாப்பிள்ளை தினமும் விடியற்காலையில் தனியாகப் போய் ஒரு மணி நேரம் 'ஆய்வு' செய்தார். பிறகு முழுக்கைச் சட்டை, கையுறை, வலைத் தொப்பி சகிதம் தோட்டத்து வாசலில் நின்று விருந்தினரை எதிர்பார்த்தார். விருந்தினர் வரவில்லை.

குழு அவசரமாகக் கூடியது.

"ஏன் மாப்பிள்ளை, ஒண்ணுகூட வரமாட்டேங்குது?"

"விழிப்புணர்வு இல்ல மாமா."

"யாருக்கு?"

"தேனீக்குத்தான்."

"பாவம், அதுங்க எங்க போய்ப் படிச்சிருக்கப் போகுது" என்றார் மாமியார்.

தேனீக்களின் அலட்சியப் போக்கை வன்மையாகக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

செயலாளர் மட்டும் தலை நிமிரவில்லை. அன்று விடியலில் மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். அப்பாவிடம் சொன்னால் மாப்பிள்ளையின் மானம் போகும். சொல்லாவிட்டால் மரம் போகும். அந்த வீட்டில் மாப்பிள்ளை உப்பைச் சர்க்கரை என்றால், மாமனார் அதைக் காபியில் போட்டுக் குடிப்பார்.

"ஏங்க, நான் பார்த்ததை அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?" என்று அறைக்குள் மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணால பார்க்கிறதெல்லாம் அறிவியல் ஆகிடாது" என்றார் கணவர். வாதம் வலுவாக இருந்ததால், செயலாளர் அதைக் குழுவின் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பூவிதழ்கள் உதிர்ந்து முடிந்த வாரம், 'முன்மாதிரி மகரந்தத் தோட்டம்' விருதுக்காக மூன்று நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் ஒரு சூரியகாந்தி இலையைத் திருப்பிப் பார்த்து மெய்சிலிர்த்தார்.

"ஒரு ஓட்டை இல்ல! ஒரு ஈ, எறும்பு இல்ல! நான் பார்த்த தோட்டத்திலேயே இதுதாங்க சுத்தம். விருது உங்களுக்குத்தான்!"

"எல்லாம் கூட்டு முயற்சி சார்" என்று மாப்பிள்ளை பணிவோடு நெஞ்சை நிமிர்த்தினார்.

மாமனார் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். மிளகளவுகூடப் பிஞ்சு இல்லை.

"மாப்பிள்ளை இவ்வளவு பாடுபட்டும் காய்க்கலைன்னா, இது மலட்டு மரம்தான். நாளைக்கே வெட்ட ஆள் வரச் சொல்லிடறேன்."

"தாராளமா வெட்டுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "விருது துணைச்செடிக்குத்தானே. மரம் எதுக்கு நடுவுல இடைஞ்சலா?"

நடுவர்கள் கைதட்டினார்கள். மகள் கிளையை அப்பாவின் கையிலிருந்து விடுவித்தாள். அவள் குரல் எல்லார் காதிலும் விழுந்தது.

"மரத்தை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. உங்க மாப்பிள்ளைக்குத் தேனீன்னா பயம். கொட்டிடும்னு, தினமும் விடியக்காலையில எல்லாப் பூவுக்கும் பூச்சிமருந்து அடிச்சிட்டுத்தான், தேனீ வரலையேன்னு வாசல்ல நிக்கிறாரு."