புகாரே வராத ஆறு பொருட்கள்

"அவரைக் கடைக்கு அனுப்பினா, குழந்தை பள்ளிக்கூடம் போற அன்னைக்குத்தான்க்கா தொட்டில் வீடு வந்து சேரும்."

கதவு பாதி திறந்திருந்தது. சொன்னது மனைவி. கேட்டுச் சிரித்தது எதிர்வீட்டுப் பல் டாக்டர். கேட்கக்கூடாதவரோ கடைசிப் படியில் ஒரு காலும் அதற்கு முந்தைய படியில் ஒரு காலுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்தக் குடியிருப்பில் அவருக்குப் 'புகார்' என்றுதான் பெயர். வீட்டுச் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், புகார்ப் பிரிவில், பதினோரு வருடமாகக் கடிதம் படிக்கிறார். 'உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்' என்று ஒருவர் எழுதுவார். 'உங்கள் மிக்ஸியின் மூடியை எங்கள் மாடியிலிருந்து மீட்டோம்' என்று இன்னொருவர் எழுதுவார். நாற்காலி உடையாதவர்கள் யாரும் அவருக்குக் கடிதம் எழுதியதில்லை. அதனால், உலகத்தில் உள்ள சகல பொருட்களும் உடைவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

மனைவிக்கு எட்டாவது மாதம். நான்கு மாதமாக இருவரும் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு பொருளையும் தூக்கிப் பார்ப்பார், குலுக்கிப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார்.

"இந்தத் தொட்டிலா? ஆணி கழண்டுக்கும். போன வருஷம் மட்டும் பதினேழு கடிதம்."

"இந்த டப்?"

"அடியில ஒழுகும்."

"இந்தத் துண்டாவது வாங்கலாமா?"

"சாயம் போகும். ஒரு அம்மா, குழந்தை பச்சையா இருக்குன்னு போட்டோவே அனுப்பியிருந்தாங்க."

நான்கு மாதத்தில் அவர்கள் வாங்கியது இரண்டு கிளாஸ் பழச்சாறு. அதையும் கடை வாசலிலேயே குடித்து முடித்துவிட்டார்கள்.

ஆகவே மனைவி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் உண்மையைப் படிக்கட்டில் நின்று கேட்பது வேறு. அவர் செருப்பைக் கழற்றினார். அது தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது. உள்ளே போனார்.

"குழந்தைக்கு வேண்டியதை நானே வாங்கறேன். தனியா. இந்த மாசமே."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். யார் எந்த வார்த்தை சொன்னாலும் அதை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று யோசிப்பவள்.

"எத்தனை பொருள்?"

"ஆறு."

"ஆறும் உபயோகமா இருக்குமா?"

"ஒண்ணுகூட வீணாகாது. என்ன பந்தயம்?"

இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குச் சொன்ன மறுநொடியே தோன்றியது. பல் டாக்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேர்," என்றாள் மனைவி.

பெயர் விஷயத்தில் அந்த வீட்டில் நாலாவது மாதத்திலிருந்து யுத்தம். ஆணோ பெண்ணோ எதுவானாலும் பொருந்துகிற மாதிரி அவள் மூன்றெழுத்தில் ஒரு பெயர் வைத்திருந்தாள். அவர் பதினோரு எழுத்தில் ஒன்று வைத்திருந்தார். அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் குழந்தை தெருமுனை தாண்டிவிடும் என்பாள் அவள். கம்பீரம் என்றால் அப்படித்தான் என்பார் அவர்.

"குழந்தை வீட்டுக்கு வந்த ஏழாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆறு பொருளும் உபயோகமானா, பேர் நீங்க வைங்க. ஒண்ணு குறைஞ்சாலும் நான். அக்கா நடுவர்."

அன்றைக்கே ஒப்பந்தம் டைப் ஆனது. மூன்று பிரிவு. புகார் அதை இரண்டு முறை படித்தார். கம்பெனியில் அத்தனை வருடம் இருந்தவர், ஏமாந்துவிடுவாரா?

"நாலாவது பிரிவு ஒண்ணு சேர்க்கணும். குழந்தை தானா எதையும் உபயோகிக்க முடியாது. அதனால, உபயோகிக்கறது பெற்றோர்ல யாரா இருந்தாலும் செல்லும்."

"சேர்த்தாச்சு," என்றாள் மனைவி. கொஞ்சம்கூடத் தகராறு செய்யவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவர் பதினோரு வருடக் கோப்புகளையும் இறக்கினார். தூசியில் தும்மிக்கொண்டே, ஒரு கடிதம்கூட வராத குழந்தைச் சாமான்கள் எவை என்று தேடினார். ஆறு கிடைத்தன. மிகச் சரியாக ஆறு! புகாரே வராத பொருட்கள் என்றால் குற்றமே இல்லாத பொருட்கள் என்றுதானே அர்த்தம்? யாருமே உபயோகிக்காத பொருளைப் பற்றி யார் உட்கார்ந்து கடிதம் எழுதப் போகிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆறையும் வாங்கி வந்து கட்டிலில் பரப்பினார். குளிக்கும் நீரின் சூட்டைக் காட்டும் பிளாஸ்டிக் வாத்து. விரலில்லாக் கையுறை ஒரு ஜோடி. பால் புட்டி சூடாக்கும் கருவி. கழுத்தில் கட்டும் எச்சில் துணி. வெள்ளிப் பிடி போட்ட சீப்பு. அப்புறம் இரண்டு பாகமாக ஓர் அழுகைக் கருவி. ஒன்றைத் தொட்டிலோரம் வைத்தால், குழந்தையின் சத்தம் வேறு இடத்தில் இருக்கும் இன்னொன்றில் கேட்கும்.

பல் டாக்டர் கருவியைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை.

"தம்பி, இந்த வீட்டுல எங்க நின்னா குழந்தை அழறது கேக்காது?"

"அது பாத்துக்கலாம் டாக்டரம்மா."

தொட்டில், டப், துண்டு, நாப்கின் எல்லாம் எப்போது வந்தன என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் அலமாரியைத் திறந்தார், இருந்தன. மூடிவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாளே கையுறை தேறியது. எச்சில் துணி இரண்டே மணி நேரத்தில் தேறியது. குழந்தை அதற்கென்றே காத்திருந்தது போலக் கக்கி வைத்தது. சீப்புதான் கொஞ்சம் சிரமம் கொடுத்தது. குழந்தையின் தலை, துடைத்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்தது. வலது காதுக்கு மேலே மட்டும் ஏதோ நிழலாடியது. பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார்.

"நாலு முடி இருக்கு. வாருங்க."

வாரினார். தேறியது. மூன்றாம் நாள் வாத்தும் மிதந்து தேறியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் புட்டி சூடாக்கி எதற்கு என்று ஒரு சிக்கல் வந்தது. ஐந்தாம் நாள், குழந்தையின் கண் துடைக்கும் வெந்நீரை அதில் வைத்துக் காய்ச்சினார். டாக்டரம்மா ஒரு டம்ளர் காப்பி முழுவதும் யோசித்துவிட்டு, "செல்லும்," என்றார்.

மிச்சம் ஒன்றுதான்.

அந்தக் கருவியை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே அலைந்தார். ஆனால் குழந்தை அழுதால் கருவி வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டு மெக்கானிக்கே கையில் ஸ்பானரோடு மேலே வந்து, "என்ன சார், ஏதாவது உடைஞ்சுதா?" என்று கேட்டார். புகார் சமையலறையில் நின்று கேட்டார், மாடியில் நின்று கேட்டார். எங்கே நின்றாலும் சத்தம் நேராகவே காதில் விழுந்தது.

"செல்லாது," என்றார் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும். "கருவி வழியா மட்டும் கேக்கணும். காது வழியா கேட்டா கருவி எதுக்கு? இன்னொண்ணு, தம்பி. அழ வைக்கறதுக்காகக் கிள்ளினீங்கன்னு தெரிஞ்சா ஆறும் ரத்து."

ஏழாம் நாள் மாலை ஐந்தரை. பிறப்புப் பதிவுப் படிவம் மேஜைமேல் இருந்தது. மறுநாள் காலை அதை ஆஸ்பத்திரியில் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பெயருக்கான கட்டம் மட்டும் காலி.

புகாருக்கு வியர்த்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் டாக்டரம்மா வீட்டுல போய் உட்காருங்க. ரெண்டு கதவையும் சாத்திக்கோங்க. பேசற பாகம் இங்க தொட்டில்கிட்ட. கேக்கற பாகம் உங்ககிட்ட. அவ அழுவா, உங்களுக்கு அதுல கேக்கும். அவ்வளவுதான்!"

"அழலைன்னா?" என்றாள் மனைவி.

"இந்த ஏழு நாள்ல அவ அரை மணி நேரம் அழாம இருந்திருக்காளா?"

மனைவி கருவியை வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள். "அந்தக் கையேட்டைப் படிச்சீங்களா?"

"எதுக்கு? குழந்தை அழுதா அதுல கேக்கும். இதுல படிக்க என்ன இருக்கு?"

பதினோரு வருடத்தில் அவர் கையேடு எதையும் படித்ததில்லை. கையேட்டைப் படிக்காதவர்கள் எழுதிய கடிதங்களைத்தான் படித்திருக்கிறார்.

கதவுகள் சாத்தப்பட்டன. ஐந்து முப்பத்து மூன்று. அவர் தொட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அது உடைந்துவிடுமோ என்ற பயத்தில் விளிம்பில்தான் உட்கார்ந்தார். கருவியில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது.

குழந்தை தூங்கியது.

ஐந்து நாற்பது. தூங்கியது. ஐந்து நாற்பத்தைந்து. ஒரு கொட்டாவி விட்டது. அவர் துள்ளி எழுந்தார். கொட்டாவி முடிந்தது. தூக்கம் தொடர்ந்தது. பிறந்ததிலிருந்து அது இவ்வளவு நிம்மதியாகத் தூங்கி அவர் பார்த்ததில்லை.

ஐந்து ஐம்பது.

"அம்மாடி," என்றார் மெதுவாக. "ஒரே ஒரு தடவை. சின்னதா. சிணுங்கினாக்கூடப் போதும்."

குழந்தை மூக்கைச் சுருக்கிவிட்டுத் தூங்கியது.

"காலையில தலையில இடி விழுந்த மாதிரி அழுதியே, அதுல பாதி. பாதிகூட வேண்டாம், கால்வாசி."

போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அவர் அதைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். கை தானாகத் தொட்டிலுக்குள் போனது. பாதத்தைத் தொட்டது. போர்வையை இழுத்து அதை மூடியது.

"கிள்ள மாட்டேன், பயப்படாத. பேரே போனாலும் கிள்ள மாட்டேன்."

ஐந்து ஐம்பத்து மூன்று. வீட்டில் வேறு யாரும் இல்லை. கேட்பவள் ஒருத்தி, அவளும் தூக்கத்தில். மனசில் இருப்பதை இறக்கி வைக்க இதைவிட நல்ல இடம் அவருக்கு வாய்த்ததில்லை.

"ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. அந்தப் பதினோரு எழுத்துப் பேர் எனக்கே சரியா வாய்ல வரலை. முந்தாநாள் உன் காதுகிட்டச் சொல்லிப் பாத்தேன். ஏழாவது எழுத்துல எனக்கு நாக்குப் பிசகிடுச்சு, நீ திடுக்கிட்டுப் போய்ட்ட. உங்கம்மா வச்சிருக்காளே, அந்தப் பேர்தான் நல்லா இருக்கு. ஆபீஸ்ல ஒரு தாள் முழுக்க எழுதிப் பாத்தேன். அழகா இருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்புறம் ஏன் மல்லுக்கட்டறேன்னு கேக்கறியா? அவரை நம்பி ஒரு தொட்டில் வாங்க முடியலைன்னு உங்கம்மா சொன்னா. நான் படிக்கட்டுல நின்னு கேட்டேன். உனக்கு வேண்டியதை வாங்கத் தெரியாதவன் என்ன அப்பன்? அதான், ஜெயிச்சுக் காட்டணும்னு பாத்தேன். நாளைக்கு நீ பெரியவளானதும், எங்கப்பா வாங்கினதுல ஒண்ணுகூட வீணாகலைன்னு சொல்லணும். ஜெயிச்சுட்டு அவ பேரையே வைக்கலாம்னாலும் முடியாது பாரு. அப்புறம் என் கௌரவம் என்ன ஆகறது?"

குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டியது. அழவில்லை.

ஆறு மணி அடித்தது.

கதவு திறந்தது. டாக்டரம்மா முதலில் வந்தார். அவர் கண்ணை ஏன் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்கிறார் என்று புகாருக்குப் புரியவில்லை. பின்னால் மனைவி. ஒரு கையில் ஒப்பந்தம், இன்னொரு கையில் கருவி. அவர் எழுந்து நின்றார்.

"சரி, விடு. தோத்தாச்சு. அவ அழலை."

"யார் சொன்னா தோத்தீங்கன்னு? ஆறும் உபயோகமாச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"அழவே இல்லையே!"

"அழணும்னு ஒப்பந்தத்துல எங்க இருக்கு?" என்றார் டாக்டரம்மா. "கருவி வழியா மட்டும் கேக்கணும், அவ்வளவுதான். குழந்தை மூச்சு விட்டது கேட்டது. கொட்டாவி விட்டது கேட்டது. உபயோகிச்சது அவங்கம்மா. பெற்றோர்ல யாரா இருந்தாலும் செல்லும், நாலாவது பிரிவு. நீங்க சேர்த்ததுதான் தம்பி."

"கொட்டாவியா? அழுதாத்தானே அதுல..." என்றவர் நிறுத்தினார். "என்னது?" என்றார்.

'என்னது?' என்றது மனைவியின் கையில் இருந்த கருவி, அவர் குரலிலேயே.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மனைவி மேஜையிலிருந்து படிவத்தை எடுத்து வந்து அவர்முன் நீட்டினாள். பேனா மூடியை அவளே கழற்றிக் கொடுத்தாள்.

"எழுதுங்க. ஜெயிச்சவர் நீங்க. எந்தப் பேர் வேணும்னாலும் உங்க இஷ்டம்."

அவர் குனிந்து, தொட்டிலோரம் இருந்த கருவியை முதலில் அணைத்தார். பிறகு படிவத்தை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த கட்டத்தில் மூன்று எழுத்து எழுதினார்.