களியால் அளந்த குழாய்

போன ஆவணி பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். மலைப்பக்கம் சாரல், சின்னமனூரில் வெறும் காற்று. என் மனைவி கிண்டிய கேப்பைக்களியைக் குறை சொல்லிவிட்டு உயிரோடு இருக்கும் ஒரே மனிதரை அப்போதுதான் கண்டேன். பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் ‘களி மெக்கானிக்’.

என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் உண்டு. என்னைவிட முப்பத்தொன்பது வயது இளையது. மூச்சிரைப்பு மட்டும் என்னுடையது. குழாய் பெருத்தால் இழுவை பெருகும் என்று யாரோ சொன்னதை நம்பி, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் நான்கு குழாய்களையும் தடித்ததாக மாற்றினேன். அதன்பின் சத்தம் சிங்கம், இழுவை பூனை. மேகமலைச் சாலையின் பதினெட்டு வளைவுகளில் ஆறாவதிலேயே நின்றுவிடும்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள மேல ஏறலைன்னா, திங்கக்கிழமை அது இரும்புக்கடைக்குப் போயிரும்” என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். ஜீப் போனால் அடுத்து நானும் கட்டிலோடுதான் என்பது என் கணக்கு.

“வரும்போது நாலு உருண்டை கேப்பைக்களி கொண்டாங்க சார்” என்று மெக்கானிக் போனில் சொல்லியிருந்தார். சாப்பிடத்தான் என்று எண்ணிக் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோனேன். அவரோ குழம்பை ஓரமாக வைத்துவிட்டு, களியில் நல்லெண்ணெய் தடவி, குழாய்களைக் கழற்றிய இன்ஜினின் முதல் புகைத் துவாரத்துக்குள் திணித்தார். நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன்.

“ஓட்டை வட்டமா இருந்தாத்தான சார் உங்க ஸ்கேலு? இது கோழிமுட்டை. நாலும் நாலு முட்டை. களிதான் உள்ளதைச் சொல்லும்.”

இழுத்தார். பாதிக் களி வந்தது, பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டது.

“என்ன சார், இதைக் களின்னா குடுத்துவிட்டாக? போஸ்டர் ஒட்டலாம். அளவெடுக்க ஆகாது.”

வீட்டுக்குப் போன் போட்டு இதை அப்படியே ஒப்பித்தது என் பிழை. பதினொன்று நாற்பதுக்கு மனைவி ஆட்டோவில் வந்து பட்டறையில் இறங்கினாள். கையில் புதிதாகக் கிண்டிய களிச்சட்டி.

“ஏம்ப்பா, என் களியவா பசைன்னு சொன்ன?”

“ஆத்தா, கோவிக்காதீக. இன்ஜினு திங்காது, அச்சுத்தான் எடுக்கணும். கெட்டியாத்தான் வேணும்.”

“இந்தா, கெட்டி! இதையும் குத்தம் சொன்னா, ஒன் பட்டறை இங்கன நிக்காது.”

ஜீப்பை இரும்புக்கடைக்கு அனுப்பத் துடித்தவள், அதன் துவாரத்தில் தன் களி நிற்கிறதா என்று மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு உருண்டைகளும் அச்சுப் பிசகாமல் வந்தன. மெக்கானிக் அவற்றைத் தட்டில் வரிசையாக வைத்துக் கும்பிட்டார்.

“ஓட்டை வாசல், குழாய் வழி. வாசலைவிட வழி அரை நூல் அளவு மட்டும் பெருசா இருக்கணும் சார். சிறுசா இருந்தா, புகை மூஞ்சில முட்டும். நீங்க மாட்டுனாப்ல ரொம்பப் பெருசா இருந்தா, கல்யாண மண்டபத்துல நுழைஞ்ச ஒத்த ஆளாட்டம் அங்கன இங்கன வேடிக்கை பாத்துக்கிட்டே நடக்கும்.”

சனிக்கிழமை புதுக் குழாய்களோடு மூவரும் ஏறினோம். மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து, காதை மட்டும் வெளியே நீட்டியிருந்தார். ஆறாவது வளைவில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“சார், நீங்க மூச்சு விடுங்க. அது நல்லாத்தான் விடுது.”

ஏழு. எட்டு. பதினெட்டையும் சத்தமாகவே எண்ணினேன். உச்சியில் வண்டியை நிறுத்தி, அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்தேன். மனைவி தூக்குச்சட்டியைத் திறந்து, எனக்கு வைக்குமுன் மெக்கானிக்குக்குக் களி வைத்தாள். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் முதல் தடவை. அவர் மூன்று உருண்டை தின்றார்.

குழாய் மூவாயிரத்து இருநூறு, கூலி எண்ணூறு, ஆட்டோ நாற்பது, கேப்பை மாவு தொண்ணூறு. மூன்று முறை கூட்டிப் பார்த்தும், அந்த வேலைக்குக் குறைவாகவே எனக்குப் படுகிற தொகை: நாலாயிரத்து நூற்று முப்பது ரூபாய்.