கென்னின் இடது சப்பாத்து

வேலைக்கு விண்ணப்பித்தபோது நான் ஒரேயொரு பொய்தான் எழுதினேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'மலையேற்றம்' என்று போட்டேன். நான் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் மலையே கிடையாது. (ஒருமுறை தண்ணீர்த் தாங்கியில் பாதிவரை ஏறியிருக்கிறேன். இறக்குவதற்கு ஆள் வரவேண்டியிருந்தது.) எழுபதுகளின் நடுவில், சிட்னியில் எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரர் எல்லோரும் ஏதாவது மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் என்று காட்டிக்கொள்ள ஆசை.

படவரைஞர் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். அதற்கு இன்னும் இரண்டே கிழமை இருக்கையில் முதலாளி கென் என் மேசைக்கு வந்து, சனிக்கிழமை மலைக்குப் போகிறேன், நீயும் வா, உனக்குத்தான் பிடிக்குமே என்றார். சரி சேர் என்று தலையாட்டினேன். மனைவி மங்கைக்கு அப்போது ஐந்து மாதம். வேலை போனால் மூன்று பேரும் நடுத்தெருவில்.

மங்கை மட்டும் கலங்கவில்லை. "முதலாளியோட போறீங்கள், ஒழுங்கா உடுத்துக்கொண்டு போங்கோ" என்றாள். அயன் பண்ணிய காற்சட்டை, கழுத்துப்பட்டி, மினுக்கிய கந்தோர்ச் சப்பாத்து, தோள் பைக்குள் இடியப்பமும் சொதியும் கோழிக்கறியும் அடுக்கிய சாப்பாட்டுக் கரியர். இந்தக் கோலத்தில்தான் போனேன்.

சிட்னிக்கு மேற்கே இருந்த மலைப் பூங்காவில் பாறைகளெல்லாம் எலி கொறித்த பாண் துண்டு மாதிரி இருந்தன. கென் பாதை என்று காட்டிய இடத்தில் என் கண்ணுக்குப் பாதை எதுவும் தெரியவில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்று காட்சியை ரசித்தேன். (மூச்சு வாங்குவதற்கு அதைவிட மரியாதையான வழி தெரியவில்லை.) சொதி கசிந்து முதுகால் இறங்கிக்கொண்டிருந்தது.

நடுப்பகலில் ஒரு பாறைக் குகைக்கு வந்தோம். சுவரில் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் என்றோ பதித்த கை அடையாளங்கள். கென் குரலைத் தாழ்த்திப் பேசினார். என் கால்கள் தாமாகவே சப்பாத்தைக் கழற்றின. அதைப் பார்த்து கென்னும் தன் பெரிய சப்பாத்துகளைக் கழற்றி, குகை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது சப்பாத்து கவிழ்ந்து கிடந்தது. சப்பாத்து கவிழ்ந்து கிடந்தால் சண்டை வரும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். நிரந்தரமாக இரண்டு கிழமை இருக்கும்போது முதலாளியோடு சண்டையா? பூனை மாதிரிப் போய், கால் பெருவிரலால் அதை நிமிர்த்தினேன். (கையால் தொட மானம் விடவில்லை.) அது நான் விரும்பியபடியே நிமிர்ந்தது. பிறகு ஒருமுறை உருண்டு, வாசலை ஒட்டியிருந்த பாறை விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டது. கீழே அது பாறைகளில் முட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"யாருடையது?" என்றார் கென்.

"உங்களுடையது, சேர்."

திரும்பிப் போக ஐந்து மைல். என் சப்பாத்தைக் கொடுத்துப் பார்த்தேன், அவருடைய மூன்று விரல்தான் நுழைந்தது. கரியர் சுற்றிய துணியை அவர் காலில் சுற்றி, என் கழுத்துப்பட்டியால் கட்டிவிட்டேன். அவர் ஒற்றைச் சப்பாத்தோடு என் தோளைப் பிடித்து நொண்ட, அந்தப் பாரத்தில் நான் பாதியாகிப்போனேன். பாதி வழியில், எப்படியும் வேலை போகத்தான் போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சேர், நான் ஒருநாளும் மலை ஏறினதில்லை. படிவத்தில் பொய் எழுதினேன்."

கென் என் தோளில் பிடியை மாற்றிக்கொண்டார். "காலையில் உன் கழுத்துப்பட்டியைப் பார்த்ததுமே தெரியும்" என்றார். "எந்த இடத்தில் ஒத்துக்கொள்வாய் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்."

வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, உறைப்பில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய, கோழிக்கறி முழுவதையும் கென்னே தின்று முடித்தார்.

திங்கட்கிழமை இடது காலில் ரப்பர்ச் செருப்போடு கந்தோருக்கு வந்தார். எல்லோருக்கும் கதையைத் தானே சொல்லிச் சிரித்தார். இரண்டு கிழமையில் நான் நிரந்தரமானேன்.

இன்றைக்கும் சிட்னியில் எங்கள் நார்த்மீட் வீட்டில் விருந்தென்றால் வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடக்கும். அதில் ஒன்று கவிழ்ந்து கிடந்தால் என் கால் தானாக நீளும். குசினிக்குள் நின்றபடியே மங்கை குரல் கொடுப்பாள்.

"இஞ்சருங்கோ, முதல்ல அங்கால பள்ளம் இருக்கோ எண்டு பாருங்கோ."