எம்லின் வென்ற ஐம்பத்தெட்டு சதுர அடி

தெற்கு வேல்ஸில் எங்கள் ப்ரின்ஹெயில் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எம்லின் பொவல் தோற்றதே கிடையாது. ஜிப் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் சங்கச் செயலாளர். மேலாளர்கள் ஒன்பது பேர் வந்தார்கள், போனார்கள். எம்லின் அசையவில்லை. கடைசியில் தொழிற்சாலையே போய்விட்டது. அதையும் அவர் தோல்வியில் சேர்ப்பதில்லை. "அவங்கதான்யா ஓடிப்போனாங்க," என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஊர் நிர்வாகக் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் இருப்பது கணவன் மனைவி இரண்டே பேர். படுக்கையறையோ இரண்டு. ஆகவே ஒன்று உபரி. ஆகவே அரசு தரும் வாடகை உதவியில் நூற்றுக்குப் பதினான்கு பிடித்தம்.

எம்லின் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கேக் தட்டு எகிறியது.

"உபரியா? மாடியில இருக்கிற அந்தப் பொந்தா? இஸ்திரிப் பலகை உள்ள போனா நான் வெளிய நிக்கணும்! அது படுக்கையறையாம்! எவன்டா அளந்தான்?"

மனைவி நெரிஸ் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். தினமும் நானூறு பிள்ளைகளின் அடத்தைப் பார்க்கிறவளுக்கு ஒரு புருஷனின் அடம் எம்மாத்திரம்? கேக்கைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

"ஏன் கத்துற? ஆள் இல்லன்னாத்தானே உபரி? எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம். ரூமுக்கு ஆளும் ஆச்சு, பிடித்தமும் போச்சு."

எம்லினுக்கு டீ புரையேறியது.

"உன்... உங்கம்மாவா?"

"மூணாவது மாடியில தனியா இருக்கா எம்லின். லிஃப்ட் வாரத்துல நாலு நாள் ஓடுது. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்குறா. எனக்கு நெஞ்சே ஆறல."

எம்லினுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மாமியார் ஒல்வென் ஒரு வாரம் வந்து தங்கியபோது பட்டது அவருக்கல்லவா தெரியும்! டிவி ரிமோட் அம்மையார் மடிக்குப் போனால் திரும்பாது. ரக்பி கிடையாது, வினாடி வினாதான். எல்லாக் கேள்விக்கும் தப்பான பதிலை உரக்கச் சொல்லிவிட்டு, டிவிக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார். சாப்பிடும்போது எம்லின் எத்தனை தடவை மெல்லுகிறார் என்று எண்ணிச் சொல்வார்.

"நெரிஸ், இது காசு விஷயம் இல்ல. கொள்கை! ஆளைப் போட்டு ரூமை நிரப்பினா அது படுக்கையறைதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் மேல்முறையீடு போறேன்!"

"அப்ப அம்மா?"

"முதல்ல வழக்கு முடியட்டும்."

வழக்கில் ஜெயித்தால் பிடித்தம் போகும். படுக்கையறையே இல்லை என்றான பிறகு மாமியாரும் வரமாட்டார். கொள்கைக்குக் கொள்கை, ரிமோட்டுக்கு ரிமோட். எம்லின் மீசையைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை அளவெடுப்பு. டேப்பின் ஒரு முனையில் எம்லின், மறுமுனையில் நெரிஸ்.

"ஒன்பதடிக்கு எட்டடி. எழுபத்திரண்டு." எம்லின் முகம் தொங்கிவிட்டது. எழுபதுக்குக் கீழே இருந்தால் வாதாட வசதி என்று வாடகைதாரர் உரிமைச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

"அந்த மேட்டையும் சேத்தா எண்ணுவாங்க?" என்றாள் நெரிஸ்.

மாடிப்படி ஏறுகிறவர் தலை இடிக்காமலிருக்க, அந்த அறையின் மூலையில் இடுப்பளவுக்கு ஒரு மேடு பெட்டி மாதிரி எழும்பி நிற்கும். அதன்மேல் நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. பதினான்கு சதுர அடி!

"ஐம்பத்தெட்டு!" எம்லின் துள்ளினார். "பாத்தியா என் மூளையை?"

"பாத்தேன், பாத்தேன்."

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் மனு எழுதினார். நெரிஸ் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

"சும்மா 'சின்ன அறை'ன்னா யாருக்கு உறைக்கும்? ஆளை வெச்சு எழுது. 'மூட்டுவலி உள்ள ஒரு வயதான பெண்ணை இந்த அறையில் படுக்க வைப்பது மனிதத்தன்மையே அல்ல'ன்னு போடு."

எம்லின் பேனாவை நிறுத்தினார். அடி ஆத்தீ! தன் அம்மாவுக்குத் தானே கதவைச் சாத்துகிறாளே, இது புரியாமலா சொல்கிறாள்? சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு எழுதினார். எழுதி, அடிக்கோடும் போட்டார்.

"இன்னொண்ணு," என்றாள் நெரிஸ். "'அப்படிப்பட்டவருக்குப் பெரிய அறையைத்தான் கொடுக்க வேண்டும்.'"

"பிரமாதம்! நீயே சங்கத்துல இருந்திருக்கணும்டி!"

விசாரணை நாளில் எம்லின் கல்யாண கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் எட்டவில்லை, ஆனால் மிடுக்கு குறையவில்லை. கவுன்சில் தரப்பு ஆள், "ஒரு கட்டில் போடலாமே," என்று மெதுவாக ஆரம்பித்தார். அவ்வளவுதான், எம்லின் எழுந்துவிட்டார்.

"போடலாம் சார்! கட்டிலைப் போட்டா கதவைத் திறக்க முடியாது. கதவைத் திறந்தா கட்டிலைப் போட முடியாது. கவுன்சில் எதைச் சொல்லுது? ஆளை ஜன்னல் வழியா இறக்கணுமா? முட்டி வீங்கின ஒரு அம்மா! எழுபத்தொன்பது வயசு! அவங்களை அந்த மேட்டுல மோத விடுவீங்களா? உங்க அம்மாவா இருந்தா விடுவீங்களா? பெரிய ரூமைக் கொடுக்க மாட்டீங்களா?"

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நெரிஸைப் பார்த்தார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்லீங்க. அவர் சொன்னது ஒவ்வொண்ணும் சத்தியம்."

எம்லின் கோட்டின் முனைகளை இழுத்துவிட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருஷ தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்தை அவர் கேட்டதேயில்லை.

மூன்றாவது வாரம் தீர்ப்பு வந்தது. அந்த அறை படுக்கையறை அல்ல. பிடித்தம் ரத்து. எம்லின் கடிதத்தைத் தெருவில் நின்று வாசித்தார். மீன் வறுவல் கடை வரிசையில் நின்றவர்களுக்கு வாசித்தார். தபால்காரரைத் தடுத்து, அவர் கொண்டுவந்த கடிதத்தை அவருக்கே வாசித்துக் காட்டினார். தெருவே கை தட்டியது. எங்களுக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். கவுன்சிலை எதிர்த்து ஜெயித்த ஆள் எங்கள் தெருவில் வேறு யார்?

வீட்டுக்கு வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"உங்கம்மாவை நெனச்சாத்தான் நெரிஸ்... நான் என்ன பண்ண? சட்டம் குறுக்க நிக்குது."

"ஆமா. சட்டம்னா சட்டம்தான்," என்றாள் அவள்.

சனிக்கிழமை ரக்பி தொடங்கப் பத்து நிமிஷம். எம்லின் காலை நீட்டி உட்கார்ந்தார். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கட்டில் இறங்கியது, ஒரு தையல் மிஷின் இறங்கியது, கடைசியாக ஊன்றுகோலோடு ஒல்வென் அம்மையார் இறங்கினார்.

எம்லின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"மன்னிக்கணும் மாமி! சின்ன ரூம்ல நீங்க படுக்கவே கூடாது. நீதிபதியே சொல்லிட்டாங்க!"

"தெரியும். நெரிஸ் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினா," என்றார் ஒல்வென். "முப்பத்தொரு வருஷத்துல நீ சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அது. கட்டில் பெரிய ரூமுக்குத்தான் போகுது."

எம்லின் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"சின்ன ரூம்னா வரவே மாட்டேன்னு அம்மா அப்பவே சொல்லிட்டா," என்றாள் நெரிஸ். "பெரிய ரூமை உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன். நீயே கேட்டு, நீயே வாதாடி, நீயே வாங்கிக் கொடுத்துட்ட. என் சிங்கம்!"

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எம்லினால் கோபப்படவும் முடியவில்லை.

"அப்ப நாம?"

"நான் அம்மாகூடப் படுத்துக்கறேன். ஒத்தாசைக்கு ஆள் வேணும்ல."

"நான்?"

"சின்ன ரூம்ல."

"அது படுக்கையறையே இல்லடி!"

"அதனாலதான் ராசா, அதுக்கு ஒரு பிடித்தமும் கிடையாது. நிம்மதியா படுத்துக்கோ."