தராசு தாழாத இடம்

ஒரு காட்டில் நியாயத்தை நிறுத்துப் பார்த்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. நடுக்காட்டு ஆலமரத்தில் பெரிய தராசு ஒன்று தொங்கும். வழக்காடுகிற இருவரும் ஆளுக்கொரு தட்டில் ஏற வேண்டும். எந்தத் தட்டு தாழ்கிறதோ அந்தப் பக்கம் நியாயம். சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம், வாய்தா வேண்டாம். நம் கோர்ட்டுக்கு நடந்து பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இந்த வழக்கத்தின் புண்ணியத்தில் மலைக்கொழுந்தர் என்ற யானை ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. காட்டுக்குத் தலைவரும் அவரே. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தின்பார், குளிப்பார், மத்தியானமானால் குளத்தங்கரையில் ஓரிடத்தில் சாய்வார். அந்த ஓரிடத்துக்கு அடியில்தான் அரும்பு என்ற மூஞ்சூற்றின் வளை இருந்தது.

அரும்பு தோண்டுவாள். அவர் சாய்வார். வளை அமுங்கிப் போகும். பலமுறை தோண்டிச் சலித்து, கடைசியில் குட்டிகளோடு தங்கை வீட்டு வேர்ப்பொந்தில் ஒண்டிக்கொண்டாள். தங்கை இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். தங்கை புருஷன் மட்டும் சாப்பாட்டு நேரம் பார்த்து, இந்தப் பொந்து முன்பெல்லாம் எவ்வளவு விசாலமாக இருந்தது தெரியுமா என்று சுவரிடம் பேசுவான். அரும்பு பாதிப் புழுவோடு எழுந்துவிடுவாள். சொந்த வளை வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வழக்குப் போட்டாள். எதிர்த்தட்டில் மலைக்கொழுந்தர் ஒரு காலை வைத்ததுமே அவள் ஆலமரத்து உச்சிக்கிளையில் போய் விழுந்தாள். தீர்ப்பு ஆகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துக் காடு ஒரு குரங்கை விண்வெளிக்கு அனுப்பித் தொலைத்தது. இந்தக் காட்டுக்கு மானம் போயிற்று. நாமும் அனுப்புவோம் என்று கூடினார்கள். யாரை என்ற கேள்வியே எழவில்லை. எந்த மரியாதையும் எடை கூடியவருக்கே முதலில் என்பது காட்டு வழக்கம். ராக்கெட் செய்கிற முள்ளம்பன்றி, மேலே அனுப்ப எடை குறைந்தவரே நல்லது என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தது. உன் எடை என்ன என்று கேட்டு அதை உட்காரவைத்துவிட்டார்கள்.

தலைவர் போகிற இடமெல்லாம் தராசும் போக வேண்டும். தராசு போனால் அதைப் பிடிக்கிற முழியப்பன் என்ற தேவாங்கும் போக வேண்டும். குழாய்களுக்குள் நுழைந்து துடைக்க ஒரு சின்ன உயிரும் தேவைப்பட்டது. யாரும் முன்வராத அந்த வேலைக்கு, குட்டிகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, அரும்பு போனாள். வழியனுப்ப முதல் ஆளாக வந்து நின்றவன் தங்கை புருஷன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் மலைக்கொழுந்தர் தரையை விட்டு எழும்பி மிதந்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். முழியப்பன் அவரைப் பஞ்சு மூட்டை என்று நினைத்து ஒற்றைக் கையால் தடுத்து நிறுத்தப் பார்த்தான். எடை போனாலும் உடம்பு எங்கே போகும்? மெதுவாக வந்த யானை மெதுவாகவே அவனைச் சுவரோடு சேர்த்து அப்பியது. பிதுங்கிய கண்கள் அவனுக்கு முன்பே இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

சந்தோஷம் வெகுநேரம் நிற்கவில்லை. கால் பக்கம் இருக்க வேண்டிய நீரெல்லாம் தலைக்கு ஏறியது. முகம் பூசணிக்காயாக உப்பியது, கால்கள் சூம்பின, மூக்கு அடைத்துக்கொண்டது. உங்களுக்கும் எனக்கும் அடைத்தால் ஒரு விரல்கடை மூக்கு. அவருக்கு அடைத்தது ஆளுயர மூக்கு. குளிக்கலாம் என்று தும்பிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சினார். தண்ணீர் உருண்டை உருண்டையாக முன்னால் போக, அவர் பின்னால் போய்ச் சேர்ந்தார். அங்கே முழியப்பன் இருந்தான்.

தூக்கத்திலும் நிம்மதி இல்லை. அங்கே சூடான காற்று மேலே எழாது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கி நின்றது. காதாட்டுகிறவரை பரவாயில்லை. கண்ணயர்ந்ததும் காது நின்றுவிடும், தலைவலி வந்துவிடும். அரும்பு பக்கத்தில் மிதந்தபடி அவருக்கு விசிறினாள். வளையை அமுக்கியவருக்கு விசிறுகிறோமே என்று அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் விசிறினாள்.

தினமும் வாரால் உடம்பைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் ஓடுபட்டையில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு இற்றுப் போகும், தசை கரையும் என்று முள்ளம்பன்றி சொல்லி அனுப்பியிருந்தது. அரும்பு ஓடினாள். மலைக்கொழுந்தர் மறுத்துவிட்டார். போக ஊர் இல்லாமல் நடப்பது தலைவருக்கு அழகல்ல என்றார். தாங்க எடையே இல்லாத காலுக்கு எதற்குப் பயிற்சி என்றும் கேட்டார். அரும்பு கெஞ்சிப் பார்த்தும் அவர் கேட்கவில்லை.

ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. நேரே முழியப்பனிடம் போனாள்.

"தராசு இருக்கு. நீங்க இருக்கீங்க. அவரும் இருக்காரு. என் வழக்கை இங்கேயே எடுங்க."

வழக்கத்தில் இடம் குறிப்பிடவில்லை. முழியப்பன் தராசை நீட்டினான். அரும்பு ஒரு தட்டில் ஒட்டிக்கொண்டாள். மலைக்கொழுந்தர் சிரித்தபடி மறுதட்டில் காலை வைத்தார். தராசு அசையவில்லை. அவர் அமுக்கிப் பார்த்தார். தட்டு ஒரு பக்கம் போக, அவர் எதிர்ப்பக்கம் போனார். உந்துவது செல்லாது என்று முழியப்பன் சொல்லிவிட்டான்.

"தராசு கெட்டுப் போச்சாப்பா?" என்றார் அவர்.

"இல்லீங்க," என்றான் முழியப்பன். "பூமி இப்பவும் நம்மை இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. நாம அதைச் சுத்திச் சுத்தி விழுந்துக்கிட்டே இருக்கோம். தட்டும் விழுது, நீங்களும் விழுறீங்க, இந்த அம்மாவும் விழுறாங்க. எல்லாரும் ஒண்ணா விழும்போது யாரு யாரை அமுக்க முடியும்?"

தட்டு சமமாக நின்றால் வழக்குப் போட்டவர் பக்கம் தீர்ப்பு. இதுவும் வழக்கந்தான். ஒருமுறைகூட நடக்காததால் யாருக்கும் நினைவில்லை. வளை அரும்புக்கு என்று முழியப்பன் சொன்னான்.

தலைவருக்குக் கண் கலங்கியது. கண்ணீர் வழியவில்லை. கண்மேலேயே உருண்டையாக உட்கார்ந்துகொண்டது. அந்த உருண்டை வழியாக அவருக்கு அரும்பு தன் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தாளாம்.

"நான் சாயுற எடத்துக்குக் கீழே வீடு இருக்குன்னு எனக்கு நெசமாவே தெரியாதும்மா. இனிமே அங்கே வர மாட்டேன்," என்றார்.

அரும்பு அழுதாள். அவளுக்கும் கண்ணீர் வழியவில்லை. குட்டிகளை எந்த மூலையில் படுக்கவைப்பது, வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று அப்போதே கணக்குப் போடத் தொடங்கினாள்.

திரும்பி வந்த விண்கலம் குளத்தில் இறங்கியது. காடே கரையில் திரண்டிருந்தது. அரும்பு தள்ளாடினாலும் நீந்திக் கரையேறித் தன் வளையைப் பார்த்து ஓடினாள். எல்லாருமாகச் சேர்ந்து மலைக்கொழுந்தரைக் கரைக்கு இழுத்தார்கள். தலைவர் என்றால் நின்று கும்பிடு வாங்க வேண்டும் அல்லவா? நின்றார். போன எடையெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. தலை சுற்றியது. சூம்பிய கால்கள் இரண்டடி வைத்து மடங்கின. அரும்பு கடைசி நொடியில் துள்ளி விலகினாள். அவர் வளையின்மேல் சரிந்தார்.

கரடி வைத்தியர் வந்து தட்டிப் பார்த்தார். எலும்பு இளகியிருக்கிறது, அசைத்தால் முறியும், மழைக்காலம் வரும்வரை இருந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றார். கூட்டம் தலைவருக்காக உருகியது. அரும்பு அவர் காதருகே போனாள்.

"ஐயா, இது என் வீடு."

"தெரியுதும்மா," என்றார் அவர். "மேலே சொன்னதை மறக்கலை. எந்திரிக்கத்தான் முடியலை."

உண்மையாகவே வருந்திச் சொன்னார். அதுதான் கொடுமை.

அரும்பு விடவில்லை, மறுபடி வழக்குப் போட்டாள். முழியப்பன் ஆலமரத்தில் தராசைக் கட்டினான். அவள் தட்டில் ஏறினாள். எதிராளி எழுந்து வர முடியாததால் மறுதட்டு காலியாக இருந்தது. அவள் தட்டு தாழ்ந்தது. அந்தக் காட்டின் வரலாற்றில் யானையைத் தராசில் வென்ற முதல் மூஞ்சூறு என்று எல்லாரும் கைதட்டினார்கள், யானையும் படுத்தபடியே தும்பிக்கையைத் தூக்கி வாழ்த்தியது.

ஒன்றுக்கு இரண்டு தீர்ப்புகளை வென்ற அரும்பு, கரைக்கு வந்திருந்த குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டு வேர்ப்பொந்துக்கே திரும்பினாள். வாசலில் தங்கை புருஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

நீதி: விழுந்துகொண்டிருக்கும்வரை எல்லாரும் சமம். விழுந்து முடியும்போது உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.