ஏணிக் காக்காவும் மதீனா என்ற பெயரும்

எண்பதுகளில், இலங்கையின் கிழக்கே எங்கள் கல்முனைப் பஸாரில் கடை திறப்பது எளிது. ஏணிக் காக்காவிடம் கடைப்பெயர் எழுதி வாங்குவதுதான் கடினம். பெயர்ப்பலகை எழுதுவது அவருடைய தொழில். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்; சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டே திரிந்ததால் அந்தப் பட்டம். சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்திருக்கக்கூடும்.

எந்தப் பெயரையும் எழுதுவார், ஒன்றைத் தவிர. 'மதீனா' என்று கேட்டுவிட்டால் தூரிகையைக் கீழே வைத்து விசாரணையைத் தொடங்குவார். தையல்காரர் ஒருவர் கேட்டபோது, "பெருநாளைக்குத் தாறன் எண்ட சட்டைய எந்தப் பெருநாளைக்குக் குடுத்த நீ?" என்று மடக்கி, 'நியூ பேஷன்' என்று எழுதிக் கொடுத்தார்.

சாப்பாட்டுக்கடை ஹாஜியாரும் தப்பவில்லை.

"மதீனா எண்டா என்ன, ஹாஜியார்?"

"நான் போய்ப் பாத்துட்டு வந்த ஊரு. எனக்கே சொல்லித்தாறீங்களா?"

"அரபில வெறும் நகரம் எண்டுதான் அர்த்தம். முந்தி அதுக்கு யத்ரிப் எண்டு பேரு. ஊர விட்டு வந்த நபியையும் தோழர்மாரையும் அந்தச் சனம் ஊட்டுக்குள்ள எடுத்த பொறகுதான் நபிட நகரம் எண்டு ஆகின. ஒங்கட கடைக்கு ஆரும் ஓடி வந்தா உள்ள எடுப்பீங்களா?"

"எடுப்பன், எடுப்பன். எழுதுங்க காக்கா, அடுப்புல கறி கருகுது!"

பச்சையில் எழுதினார். அன்றிலிருந்து ஹாஜியாருக்கு நிம்மதி போயிற்று. காக்கா வழியில் இறங்கி, சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலால் தட்டில் குழம்பு எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பார். "விருந்தாளிக்கு இப்பிடியா ஆணம் ஊத்துற?" ஏணி தென்பட்டாலே ஹாஜியார் குசினிக்குள் மறைந்துவிடுவார்.

பிறகு ஒரு பகல். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் என்ற செய்தி பரவ, கடைகள் மடமடவென மூடப்பட்டன. பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டுவரும் தம்பிராசா பஸாருக்குள் அகப்பட்டுக்கொண்டார். சந்தியில் பொல்லுகளோடு ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் ஹாஜியாரின் கதவைத் தட்டினார். உள்ளே நானும் வேறு சிலரும் பாதிச் சாப்பாட்டில் இருந்தோம்.

"எடுத்தா கடையக் கொளுத்திப் போடுவானுகள்," என்று ஹாஜியார் முணுமுணுத்தார். அவர் கெட்டவரல்லர், பயந்தவர். நாங்களும்தான்.

அப்போது வெளிச்சுவரில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது.

"காக்கா! என்ன செய்யிறீங்க?"

"பேர அழிக்கிறன்."

"இந்த நேரத்துலயா? எறங்குங்க! பைத்தியமா?"

"ஓம். கதவத் துறங்க, எறங்குறன். இல்லாட்டி எனக்கு வேல இரிக்கி."

கதவிடுக்கால் பார்த்தேன். மேலிருந்து சொட்டிய கறுப்புப் பெயிண்ட் தம்பிராசாவின் தோளில் விழுந்தது. அவர் ஓடவில்லை; ஏணி சரியாமல் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹாஜியார் எங்கள் முகங்களைப் பார்த்தார். நாங்கள் சோற்றைப் பார்த்தோம். "யா அல்லாஹ்" என்று அவர் தாழ்ப்பாளை இழுத்தார்.

தம்பிராசா உள்ளே வந்தார். காக்கா வரவில்லை. ஏறும்போது இல்லாத பயம் உச்சியில் பிடித்துக்கொள்ள, ஏணியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். ஹாஜியாரும் தம்பிராசாவும் வெளியே போய், இருபுறமும் தாங்கி அவரை இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

கூட்டம் வந்து கதவை இடித்தபோது ஹாஜியார் குரல் கொடுத்தார்: "சோறு முடிஞ்சி!" அவர்கள் போய்விட்டார்கள். சத்தம் அடங்கியபின், அவரே தம்பிராசாவைப் பாண்டிருப்பு எல்லைவரை கூட்டிச் சென்றார்.

காக்கா மௌத்தாகி வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெயர் போட்ட கடை எந்த ஊரில் தென்பட்டாலும், பசியில்லாவிட்டாலும் உள்ளே போய் ஒரு தேநீர் குடித்து, அவருக்காக ஒரு துஆ கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.